நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்கு எந்த டிஃப்லாக்? ஜிப்சி, ஜிம்னி, தார் வைத்திருப்பவர்களுக்கு

லாக்கர், அதாவது இடது வலது சக்கரத்தைச் சேர்த்துப் பூட்டுகிற டிஃப்லாக், போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, டயரில் எவ்வளவு காற்று வைத்துக்கொண்டு மணலில் இறங்கினீர்கள் என்பதுதான். பெரும்பாலும் 30 பிஎஸ்ஐ என்று பதில் வரும், அதாவது வரும் வழியில் பங்கில் பிடித்த காற்று அப்படியே இருக்கிறது. அதை 16, 18-க்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், அப்புறமும் மாட்டினால் லாக்கர் பேசலாம் என்று அனுப்பிவிடுவேன். நிறையப் பேர் திரும்பி வருவதில்லை.

காய்ந்த மணலில் நாலு சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பிடிதான் இருக்கும், அதாவது நாலுக்குமே பிடி இருக்காது. அங்கே வண்டியை மேலே நிறுத்துவது டயர் தரையில் எவ்வளவு நீளத்துக்குப் பரவி உட்கார்கிறது என்பது. காற்றை இறக்கினால் தடம் நீளும், வண்டி மணல்மேல் மிதக்கும். லாக்கர் செய்வது வேறு வேலை. ஒரு பக்கச் சக்கரம் கெட்டித்தரையிலும் மறுபக்கச் சக்கரம் சகதியிலோ அந்தரத்திலோ இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனிலும் ஜீப்பிலும் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப்போன ஓட்டுநர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: தளர்ந்த டயர், தண்ணீர் விளிம்பை ஒட்டிய ஈர மணல், நிற்காத ஓட்டம், அவ்வளவுதான் அவர்கள் வித்தை. (காற்றை இறக்கிவிட்டு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய் வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், சொல்லவில்லை என்று வேண்டாம்.)

சரி, அப்படியானால் லாக்கரே வேண்டாமா? எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சாயங்காலம் காரணம்.

என்னிடம் இருப்பது ராணுவ ஏலத்தில் வந்து கைமாறிய பழைய ஜிப்சி. மாமாவின் வள்ளத்துக்கு ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றிப்போவதுதான் அதன் அன்றாட வேலை. ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து வரப்பை ஒட்டிய பாதையில் எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கினேன், ஓர் ஒன்றரை அடி இடதுபக்கம், அவ்வளவுதான். மேலே பார்க்க வெள்ளையாகக் காய்ந்த பொறுக்கு, உள்ளே கருங்களி. இடதுபக்கம் முன்னும் பின்னும் இரண்டு சக்கரமும் பொறுக்கை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டன. ஃபோர் வீல் போட்டு, லோ போட்டு, மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இடது பின்சக்கரம் சேற்றை வாரி ஐஸ் பெட்டி மூடிவரைக்கும் அடிக்கிறது. வலது பின்சக்கரம் கெட்டியான வரப்புமேல் சும்மா பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, ஒரு அங்குலம் அசையவில்லை. முன்னாலும் அதே கதை.

அரை மணி நேரம் கழித்து உப்பு ஏற்ற வந்த டிராக்டர்தான் இழுத்தது. அதன் பின்சக்கரமும் ஒன்று அதே களியில்தான் இறங்கியது, ஆனால் ஓட்டி வந்த தம்பி பதறவே இல்லை, வலது குதிகாலால் கீழே ஒரு பெடலை அமுக்கினார், இரண்டு பெரிய சக்கரமும் ஜோடியாகச் சுற்றிச் சாவகாசமாக ஏறி வந்துவிட்டது. கயிற்றை அவிழ்க்கும்போது கேட்டார்: "என்னண்ணே, ஃபோர் வீல்ங்கறீங்க, இது இல்லையா உங்க வண்டில?"

இல்லை. அந்தப் பெடல்தான் டிஃப்லாக். அறுபது வருஷத்து டிராக்டரில்கூட இருக்கிற சாமான் ஜிப்சியில் இல்லை.

சக்கரத்துக்கு நடுவில் என்ன நடக்கிறது

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் ஒரே கம்பியில் கட்டியிருந்தால் டயர் தேயும், ஆக்சில் முறுகும். அதற்காகத்தான் நடுவில் டிஃபரன்ஷியல், நம்ம ஊர் மெக்கானிக்குகள் மொத்தமாக ‘கிரவுன்’ என்று சொல்லிவிடுகிற உருண்டைக்குள் இருக்கும் நாலைந்து பல்சக்கரம். அது இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வேகத்தை அனுமதிக்கும், ஆனால் முறுக்குவிசையை எப்போதும் சரிபாதியாகத்தான் கொடுக்கும். இந்தச் சரிபாதிதான் வில்லங்கம். சேற்றில் இருக்கும் சக்கரம் சுற்ற எவ்வளவு விசை போதுமோ, அவ்வளவுதான் வரப்பில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். அந்த அளவுக்கு வண்டி அசையாது. ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் சேர்ந்து இழுக்கும், உண்மை. ஆனால் ஒவ்வொரு ஆக்சிலிலும் பிடி இல்லாத சக்கரம்தான் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் முழுக்கச் சகதியில் இறங்கினால், எனக்கு நடந்த மாதிரி, நாலு சக்கர வண்டியில் இரண்டு சக்கரம் சுற்றும், இரண்டு வேடிக்கை பார்க்கும்.

லாக் செய்தால் இடதும் வலதும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அப்போது விசை எந்தப் பக்கம் பிடி இருக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். முன்சக்கரத்துக்கு முட்டுக்கல் கொடுத்து, எஞ்சினை அணைத்து, டூ வீலில் கியரில் விட்டு, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். சுற்றவே முடியாமல் இறுகியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது, அது நல்ல லாக்கராகவும் இருக்கலாம், எவரோ பல்சக்கரத்தை வெல்டிங் வைத்துச் சேர்த்துவிட்டதாகவும் இருக்கலாம். வெல்டிங் வைத்த வண்டியை நான் வாங்க மாட்டேன். மணலில் அட்டகாசமாக இழுக்கும், தார்ச்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைத் தின்று, ஒருநாள் ஆக்சில் ஷாஃப்டை முறித்துக் கையில் கொடுக்கும்.

என்னென்ன வகை, நம்ம மண்ணுக்கு எது

எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) என்பது பாதி லாக். உள்ளே கிளச் தட்டுகள் வைத்த வகை ஒன்று, பல்சக்கரத்தாலேயே வேலை செய்யும் டார்சன் மாதிரி வகை இன்னொன்று. தட்டு வகை தேயும், அதற்குத் தனி எண்ணெய் சேர்மானம் கேட்கும். பல்சக்கர வகை தேயாது, ஆனால் ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் கைவிரித்துவிடும், ஏனென்றால் பிடி குறைந்த சக்கரத்தில் இருக்கும் விசையை இத்தனை மடங்கு என்றுதான் மறுபக்கம் அனுப்பும், சைபரை எத்தனை மடங்கு பெருக்கினாலும் சைபர். ஹேண்ட்பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்தால் கொஞ்சம் இழுக்கும் என்பது பழைய தந்திரம். மழைக்காலச் சாலைக்கு எல்எஸ்டி இதமானது, உப்பளச் சேற்றுக்குப் போதாது.

ஜிம்னியில் வருவது பிரேக்கால் செய்கிற வேலை. சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் பிடிக்கும், விசை மறுபக்கம் போகும். நல்ல ஏற்பாடுதான், ஓட்டுகிறவர் பொறுமையாக ஆக்சிலரேட்டரைச் சீராக மிதித்துக் காத்திருந்தால் பெரும்பாலான இடத்தில் ஏறிவிடும். பயந்துபோய்க் காலை எடுத்துவிடுகிறவர்களுக்குத்தான் அது வேலை செய்வதில்லை. ஒரு குறை உண்டு: சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அதற்குச் சேதி போகும், அந்தச் சில நொடியில் இளகிய மணலில் சக்கரம் தனக்கே குழி தோண்டிவிடும். அப்புறம், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்கிற இஎஸ்பி எஞ்சின் சக்தியை வெட்டாமல் இருக்க 4எல் (ஃபோர் வீல் லோ) போட்டுக்கொள்ளுங்கள். ஜிம்னிக்காரர்களிடம் நான் சொல்வது, ஒரு வருஷம் அப்படியே ஓட்டுங்கள், டயருக்குச் செலவு பண்ணுங்கள்.

மஹிந்திரா தார் ஃபோர் வீல் சில மாடல்களில் பின்பக்கம் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் கம்பெனியிலிருந்தே வருகிறது. பொலேரோ நியோவிலும் ஒரு மாடலில் உண்டு, அது பின்சக்கர டூ வீல் வண்டி, அதனால் நம்ம பக்கம் இறால் பண்ணைக் கரையில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வண்டி. இந்த வகைக்குச் சுவிட்ச் கிடையாது. இடது வலதுக்கு நடுவே வேக வித்தியாசம் நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தொட்டால் உள்ளே ஒரு கொக்கி விழுந்து ‘டொக்’ என்று பூட்டிக்கொள்ளும், வேகம் ஏறினால் தானே விடும். முதல்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று இறங்கிக் குனிந்து பார்த்தவர்கள் உண்டு. நினைவில் வைக்க வேண்டியது, ஒரு சக்கரம் கொஞ்சமாவது தனியாகச் சுற்றினால்தான் அது பூட்டும். ஆகையால் லேசாக ஆனால் நிறுத்தாமல் மிதியுங்கள். போர்ஸ் குர்க்காவில் முன்னும் பின்னும் இரண்டுக்கும் ஓட்டுநரே போடுகிற லாக் உண்டு. புது வண்டி வாங்கப்போகிறவர், வேலையே உப்பளமும் பண்ணைக் கரையும் என்றால், வெளியில் வாங்கிப் போடுவதைவிட இப்படிக் கம்பெனியிலிருந்தே வருவதை எடுப்பது புத்திசாலித்தனம். வாரண்டி தப்பும், பிட்டிங் தலைவலி இல்லை.

இனி ஜிப்சி, பழைய ஜீப் மாதிரி வண்டிக்கு வெளியிலிருந்து வாங்கிப் போடுவது. இங்கேதான் ஆட்டோமேட்டிக்கா, நாமே போட்டு எடுப்பதா என்ற சண்டை.

ஆட்டோமேட்டிக் லாக்கரில் முழு கேரியரையும் (அந்தப் பல்சக்கரங்களைத் தாங்கும் கூடு) மாற்றும் டெட்ராய்ட் வகை உண்டு, இருக்கும் கேரியருக்குள் பல்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டு நுழைக்கிற சின்ன வகையும் உண்டு. இந்தச் சின்ன வகைக்கு ‘லஞ்ச்பாக்ஸ்’ என்று பேர், சாப்பாட்டு டப்பா அளவு பெட்டியில் வரும் என்பதால். நேராகப் போகும்போது எப்போதும் பூட்டியே இருக்கும், திரும்பும்போது வேகமாக ஓடும் வெளிச்சக்கரம் மட்டும் டிக் டிக் என்று பல் தாண்டி விலகும். விலை குறைவு. காற்றுக் குழாய், ஒயர், சுவிட்ச் எதுவும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கிறது, உப்புக்காற்று படுவதற்கு வெளியில் ஒரு திருகுகூட இல்லை. நம்ம கடற்கரைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நான் அதைப் போடவில்லை. ஜிப்சி நீளம் குறைந்த வண்டி, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2375 மில்லிமீட்டர்தான், எடையும் ஒரு டன்னை ஒட்டித்தான். பாம்பன் பாலத்தில் ஆனி ஆடியில் கச்சான் காற்று குறுக்கே அடிக்கும்போது, ரோடும் ஈரமாக இருக்கும்போது, பின்பக்கம் எப்போது பூட்டும் எப்போது விடும் என்று தெரியாத ஒரு சாமானை வைத்துக்கொண்டு ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு பக்கமாக லேசாகத் துள்ளும். தெரிந்தவர் வண்டியில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், பழகிவிடும் என்றார், பழகாமலே இறங்கிவிட்டேன். ரோட்டுக்கே வராமல் பண்ணைக்குள்ளேயே கிடக்கிற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுங்கள். ஒரே நிபந்தனை, பின்பக்க டயர் இரண்டும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று புதுசு ஒன்று மொட்டை என்றால் லாக்கர் நாள் முழுக்கத் திருப்பத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

நாமே போட்டு எடுக்கும் வகையில் மூன்று: காற்றில் வேலை செய்வது, கரண்டில் வேலை செய்வது, கேபிளில் இழுப்பது. அணைத்திருந்தால் சாதாரண வண்டி, போட்டால் நூற்றுக்கு நூறு லாக். கேபிள் வகையை விட்டுவிடலாம், தத்துவம் எளிமைதான், ஆனால் உறைக்குள் உப்பு இறங்கினால் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி இறுகிப்போகும், தேவைப்படும் அன்று லீவர் அசையாது. கரண்டு வகைக்கு ஒரு ஒயரும் சுவிட்சும் போதும், பொருத்துவது சுலபம். ஆனால் அந்த ஒயர் ஆக்சில் ஹவுசிங்கை விட்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் கனெக்டர்தான் உயிர்நிலை, பச்சை பூத்துவிட்டால் போச்சு. சில கரண்டு லாக்கர்கள் முன்னும் பின்னும் திசை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் விட்டுவிட்டுத் திரும்பப் பூட்டும். முன்னே பின்னே ஆட்டி ஆட்டி மணலிலிருந்து வெளியே வருகிற நமக்கு அந்த ஒரு கணம் எரிச்சல். வாங்கும்முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் போட்டது காற்று வகை, பின்பக்கம் மட்டும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி இதில் பழைய பேர். காரணம் லாக்கர்கூட இல்லை, அதோடு வருகிற கம்ப்ரஸர். மணலில் இறங்கக் காற்றை இறக்கினால் திரும்ப ஏற்ற வேண்டும், ஏற்றாமல் ஈசிஆரில் ஓட்டினால் டயர் சூடாகிப் போய்விடும். எப்படியும் ஒரு கம்ப்ரஸர் வாங்கத்தான் போகிறோம், அதே காற்று லாக்கரையும் தள்ளட்டும். இதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது: லாக்கருக்கு மட்டும் போதுமான குட்டிக் கம்ப்ரஸரும் விற்கிறார்கள், அதில் டயருக்குக் காற்றடிக்க முடியாது, பெரியதைக் கேளுங்கள். லாக்கர், கம்ப்ரஸர், இறக்குமதிச் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், பழைய ஜிப்சிக்கு அது வண்டி விலையில் கணிசமான பங்கு, வீட்டில் சொல்லாமல் செய்ய முடியாது.

முன்பக்கத்துக்குப் போடாதது காசில்லாமல் மட்டும் அல்ல. முன்பக்கம் பூட்டினால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், மணலில் திரும்பாமல் நேராக உழுதுகொண்டு போகும். அப்புறம் ஜிப்சியின் முன் ஆக்சில் மூட்டு சின்னது, முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு லாக்கோடு மிதித்தால் ‘படக்’. ஏறும்போதும் இழுக்கும்போதும் பாரம் பின்னால்தான் சாய்கிறது, எனவே ஒன்றுதான் என்றால் பின்னால்.

வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியது

எண்ணி என்றால் நிஜமாகவே எண்ணி. ஆக்சில் ஷாஃப்ட் முனையில் நீளவாட்டில் ஓடும் பள்ளங்கள் இருக்கும், ஸ்ப்ளைன். லாக்கரின் உள்பல்லும் அதே எண்ணிக்கையில் இருந்தால்தான் நுழையும். ஒரே பேரில் விற்ற வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் இது மாறியிருக்கும்; அதிலும் ஏல வண்டியில் ஆக்சிலே வேறு வண்டியுடையதாக இருக்கலாம். வண்டி பேரும் வருஷமும் மட்டும் சொல்லி ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தேன், வந்தது நுழையவில்லை, சீல் உடைத்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். எண்ணிச் சொல்லியிருந்தால் அவர்கள் மேல் குறை சொல்லலாம், நான் எண்ணவே இல்லை, ஆகவே அந்த வயிற்றெரிச்சலில் பாதி என்னுடையது. ஷாஃப்டை உருவி, கழுவி, ஒரு பள்ளத்தில் பெயிண்ட் புள்ளி வைத்து, இரண்டு தடவை எண்ணுங்கள். கூடவே கிரவுன் வீல் பல்லையும், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லையும் எண்ணி விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சில லாக்கர்கள் குறிப்பிட்ட விகிதத்துக்கு மட்டும்தான் வரும்.

பொருத்துவது தெருமுனை வேலை அல்ல. கேரியரையே மாற்றும் லாக்கர் என்றால் கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள லேசான ஆட்டத்தை, பேக்லாஷை, டயல் கேஜ் வைத்து வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும், அது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு சமாச்சாரம். பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். "கையால ஆட்டிப் பாத்தாலே தெரியும் தம்பி" என்கிற மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிளட்ச், பிரேக்குக்கு அவர் ராஜாவாக இருப்பார், இதற்கு வேண்டாம். அளவு தப்பினால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ‘ஊய்ய்’ என்று ஊளை கேட்கும், கொஞ்ச மாதத்தில் பல் போகும். லஞ்ச்பாக்ஸ் வகையில் பழைய கேரியரும் பழைய ஷிம்களும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) அந்தந்தப் பக்கமே திரும்பப் போவதால் இந்தத் தலைவலி குறைவு, ஆனால் எது எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே கோடு போட்டு வைக்க வேண்டும். புது வண்டியில் கைவைக்கிறவர்கள் வாரண்டியையும் இன்ஷூரன்ஸையும் பற்றி முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பு

எந்த லாக்கராக இருந்தாலும் நம்ம ஊரில் அதைக் கொல்வது பாரம் இல்லை, உப்பு. கம்ப்ரஸரையும் சோலனாய்டையும் (லாக்கருக்குக் காற்றைத் திறந்து அடைக்கும் கரண்டு வால்வு) எஞ்சின் பக்கம் மாட்டிக் கொடுப்பார்கள், நான் சீட்டுக்கு அடியில் மாற்றினேன், சத்தம் கொஞ்சம் அதிகம், துரு இல்லை. காற்றுக் குழாயைச் சட்டத்தின் உள்பக்கமாக ஓட்டி, சீமைக்கருவேலம் முள் கிழிக்காத உயரத்தில் கட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை லாக்கைப் போட்டுவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பேன், நுரை கட்டினால் கசிவு. சோலனாய்டு மூக்கிலிருந்து காற்றோடு கியர் எண்ணெயும் துப்பினால் உள்ளே ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லோரும் மறப்பது பிரீதர். ஆக்சில் ஹவுசிங் மூச்சுவிட மேலே ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீருக்குள் இறங்கியதும் சடாரென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், அந்தக் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாய் போட்டு அதை சீட் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள், மொத்த வண்டியிலேயே மலிவான நல்ல வேலை அதுதான். தண்ணீரில் இறங்கிய மறுநாள் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் சேர்த்த டீ மாதிரி இருந்தால் உடனே மாற்ற வேண்டும், அடுத்த சர்வீஸ் வரை விட்டால் பேரிங் சொரசொரத்துவிடும். லாக்கர் பொருத்திய புதிதில் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. லாக்கர் புத்தகத்தில் சொன்ன கிரேடு எண்ணெய் மட்டும். தட்டு எல்எஸ்டிக்குச் சேர்க்கும் மருந்தை இதில் ஊற்றாதீர்கள்.

போடுவதும் எடுப்பதும்

சக்கரம் தறிகெட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாக்கைப் போடாதீர்கள். பல் மோதி உடையும். நிறுத்தி, போட்டு, ஒரு அடி உருண்டு பூட்டியதா என்று உணர்ந்து, அப்புறம் மிதியுங்கள். சந்தேகமான இடம் கண்ணில் பட்டதுமே போட்டுக்கொண்டு நுழைவதுதான் சரி. மாட்டிய பிறகு போட்டால் அதற்குள் நாமே குழி தோண்டியிருப்போம். வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள், டிராக்டர் தம்பி பெடலிலிருந்து காலை எடுத்த மாதிரி. கெட்டித்தரையில் லாக்கோடு திருப்பினால் டயர் கத்தும், ஷாஃப்ட் முறுகும். சில நேரம் சுவிட்சை அணைத்தாலும் விடாது, இறுக்கத்தில் மாட்டியிருக்கும், ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் உருட்டினால் விட்டுவிடும்.

லாக்கரும் போட்டு, காற்றும் இறக்கி, அப்படியும் வயிறு தரைதட்டி உட்கார்ந்துவிட்டால் மிதிப்பதை நிறுத்துங்கள். மண்வெட்டியால் சக்கரத்துக்குப் பின்னால் சரிவாக வெட்டி, அடியில் பனைமட்டையைக் குறுக்கே அடுக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். பனைமட்டைக்கு நம்ம மாவட்டத்தில் பஞ்சமில்லை, கருக்கு மட்டும் டயர் பக்கச்சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓட்டலாம் என்பதும் இதில் சேர்ந்ததுதான். அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டில் ஏறாதீர்கள், அந்தக் கொடிதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, ஒரு தடவை சக்கரம் கிழித்தால் காற்று மிச்சத்தை வாரிக்கொண்டு போகும். தை முதல் பங்குனி வரை ராத்திரியில் கடலாமை முட்டையிட ஏறும், அந்த மாதங்களில் கரை மணலில் வண்டியே வேண்டாம். தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைகளுக்காகச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், அங்கே சாலையோடு நின்றுகொள்ளுங்கள். லாக்கர் போட்ட வண்டிக்கு வேலை இருக்கும் இடம் உப்பளப் பாதை, பண்ணைக் கரை, மழைக்குப் பின் கண்மாய் ஓரம், வள்ளம் ஏற்றுகிற துறை, அதுவும் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு.

கடைசியாக, போட்ட லாக்கரைத் தேவை இல்லாவிட்டாலும் மாதம் இரண்டு தடவையாவது இயக்குங்கள், சும்மா கிடந்தால் அதுவும் இறுகிவிடும். கடலுக்குப் போகாத நாளில் வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு மணலில் ஐம்பது அடி முன்னே, ஐம்பது அடி பின்னே ஓட்டுவேன். சுவிட்சைத் தட்டியதும் சீட்டுக்கு அடியில் கம்ப்ரஸர் உறுமும், சோலனாய்டு ‘டிஸ்’ என்று மூச்சுவிடும். போனவாரம் அந்த ‘டிஸ்’ சத்தம் ஒரு நொடி நீளமாக வந்தது, சோப்புத் தண்ணீர் தடவியதில் பின்பக்கம் கடைசி இணைப்பில் நுரை. இருபது ரூபாய் வாஷர்தான், மாற்றிவிட்டேன்.